ஜன்னல் ஃப்ரேமுக்கு என்ன கலர் அடிக்கலாம், கொஞ்சம் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுச் சுவர் வெளிர் க்ரீம், அதை மாத்தப் போறதில்ல, ஜன்னல் ஃப்ரேம் கலரை மட்டும் மாத்தினாலே வீடு புதுசா தெரியும்னு ஒரு நம்பிக்கை. இப்ப இருக்கறது பழைய பிரவுன், மர ஃப்ரேம், கீழ்ச் சட்டத்துல மழைத்தண்ணி நின்னு நின்னு பெயிண்ட் செதில் செதிலா உரிஞ்சு வருது.

எனக்கு கரும்சாம்பல் மேலதான் கண்ணு, க்ரீம் சுவத்துக்கு எடுப்பா இருக்கும், ஆனா மேற்குப் பக்க ஜன்னல்ல சாயங்காலம் வரைக்கும் வெயில் அடிக்கும், டார்க் கலர் சூட்டை இழுத்து மரம் விரிஞ்சு சுருங்கி சீக்கிரம் வெடிப்பு விடும்னு வீட்ல ஒரே சண்டை. வெள்ளைன்னா சூடு பிரச்சனை இல்ல, தூசியும் மழைக்கறையும் அப்பட்டமா தெரியுமே! (அப்பா கிளிப்பச்சைங்கறாரு, அதைப் பத்தி பேச வேணாம்.) அட்டையில சாம்பிள் அடிச்சு வெச்சுப் பாத்தா காலைல ஒரு கலரா தெரியுது, சாயங்காலம் லேசா நீலம் அடிக்குது.

டார்க் அடிச்சவங்க யாராவது இருக்கீங்களா, வெயில் படற பக்கம் எப்படித் தாங்குது? உள்ள வெள்ளை, வெளிய டார்க்னு அடிச்சா கதவு திறக்கும்போது தெரியற அந்த ஓரத்தை எந்தக் கலர்ல விடறது? அப்புறம் பழைய பெயிண்ட்டை முழுசா சுரண்டணுமா, இல்ல உரிஞ்ச இடத்தை மட்டும் எடுத்துட்டு உப்புத்தாள் போட்டு தேய்ச்சு ப்ரைமர் அடிச்சா போதுமா?