பூக்களின் நிறம் சேறாகிவிடுகிறது, எண்ணெய் வண்ணத்தில் எங்கே தவறுகிறேன்?

கேட்டவர்:
வணக்கம் நண்பர்களே. ஒரு வருடமாக எண்ணெய் வண்ணம் பழகுகிறேன். பிரெஞ்சு ஓவியர் எதுவார் மானே 1882 வாக்கில் தீட்டிய சிறிய ஓவியம், கண்ணாடிக் குவளையில் கார்னேஷன் பூக்களும் ஊதா நிற கிளெமாட்டிஸ் பூக்களும். அதைப் பார்த்து மூன்றாவது முறையாக வரைகிறேன். முதல் பத்து நிமிடம் நன்றாக இருக்கிறது. அப்புறம் ஊதாவும் இளஞ்சிவப்பும் குழைந்து சேறாகிவிடுகின்றன. குவளையோ பிளாஸ்டிக் டப்பா மாதிரி தெரிகிறது. ஈரம் காயுமுன் ஒரே மூச்சில் தீட்டுகிறேன். வண்ணத்தை இளக்க லின்சீட் (ஆளி விதை) எண்ணெய் தாராளமாகவே சேர்க்கிறேன்.

பதில் 1:
அந்தத் தாராளம்தான் முதல் சிக்கல். எண்ணெய் கூடினால் மேல் வண்ணம் வழுக்கி அடி வண்ணத்தோடு கலந்துவிடும். அடியில் டர்பன்டைன் என்ற கரைப்பானை விட்டு மெல்லிசாகப் பூசுங்கள், மேலே போகப் போகத் தடிப்பாக வையுங்கள். அடுத்தது பிரஷ். ஊதாவுக்கு எதிர் நிறம் மஞ்சள். இலைக்குத் தொட்ட மஞ்சள்பச்சையோடு அதே பிரஷ் கிளெமாட்டிஸுக்குப் போனால் பழுப்புதான் வரும். ஊதா, பச்சை, வெள்ளை மூன்றுக்கும் தனித்தனி பிரஷ் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தீற்றலுக்கும் துணியில் துடையுங்கள். வைத்த தீற்றலைத் திரும்பத் தடவவே வேண்டாம்.

கேட்டவர்:
தடவாமல் விட்டால் இதழ் கரடுமுரடாக இருக்கிறதே?

பதில் 1:
இருக்கட்டும். நாலடி தள்ளி நின்று பாருங்கள், இதழாகிவிடும். பிடிக்கவில்லையென்றால் கத்தியால் சுரண்டிவிட்டுப் புதிதாக வையுங்கள். மானேயும் சுரண்டிச் சுரண்டி வரைந்தவர்தான்.

பதில் 2:
குவளையைப் பற்றி நான் சொல்கிறேன். கண்ணாடிக்கென்று தனி நிறம் எடுக்காதீர்கள். பின்னணிச் சாம்பலும் காம்பின் பச்சையும்தான் அதற்குள் தெரிகின்றன. நீர்மட்டத்தில் காம்பு ஒடிந்தது போல விலகித் தெரியுமே, அந்த முறிவைச் சரியாகப் பிடித்தால் தண்ணீர் தானாக வந்துவிடும். வெள்ளை மினுக்கம் கடைசியில், இரண்டே இடத்தில் போதும்.

இளஞ்சிவப்புக்கு அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு வண்ணம் என்றால் மாற்றிவிடுங்கள், அது வெளிச்சத்தில் வெளுக்கும். குவினாக்ரிடோன் வகைச் சிவப்பு வெளுக்காமல் நிற்கும். வான்கோ 1890இல் தீட்டிய இளஞ்சிவப்பு ரோஜாக்கள் இப்படி வெளுத்துத்தான் இன்று வெள்ளையாகத் தெரிகின்றன.

நல்ல ஓவியத்தை எடுத்திருக்கிறீர்கள். நோயில் கிடந்த மானேக்கு நண்பர்கள் கொண்டுவந்த பூக்கள்தான் அந்தக் கடைசிக் காலப் படங்களில் இருப்பவை. 1883 ஏப்ரல் 30இல் இறந்துபோனார். அந்தப் பூக்களில் சோர்வே தெரியாது. எனக்கு அவர் வரைந்ததிலேயே பிடித்தவை இவைதான்.

கேட்டவர்:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். எண்ணெயைக் குறைத்தேன், மூன்று பிரஷ் வைத்துக்கொண்டேன். கிளெமாட்டிஸ் ஊதாவாகவே நிற்கிறது! காம்பை முறித்துப் போட்டதும் குவளையில் தண்ணீர் வந்துவிட்டது. இடப்பக்கக் கார்னேஷன் மட்டும் இன்னும் கலங்கல், அதை நாளை சுரண்டப் போகிறேன். இருவருக்கும் மிக்க நன்றி.