விஎம்மில் கேம் நடுநடுவே திக்குகிறது: சிபியு பின்னிங் தெரிந்தவர்கள் உதவுங்கள்

லினக்ஸின் கேவிஎம்மில் (மெய்நிகர் கம்ப்யூட்டர்களை ஓட்டும் வசதி) விண்டோஸ் 11 விஎம், அதாவது மெஷினுக்குள்ளேயே ஓடும் ஒரு மெய்நிகர் கம்ப்யூட்டர். கிராபிக்ஸ் கார்டை விஎஃப்ஐஓ (ஹார்டுவேரை விஎம்முக்கு ஒப்படைக்கும் லினக்ஸ் வசதி) மூலம் அதற்கே நேரடியாகக் கொடுத்திருக்கிறேன். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) 90க்கு மேல், படமும் சுத்தம். ஆனால் ஓப்பன் வேர்ல்டு கேம்களில் வேகமாகத் திரும்பினால் கால் நொடி உறைகிறது. அதே நேரம் சத்தமும் கரகரக்கிறது. இதே மெஷினில் நேரடியாக விண்டோஸ் பூட் செய்தால் இந்தத் திக்கல் இல்லை. போன மாதம் விஎம் அமைத்ததிலிருந்தே இப்படித்தான், எந்த அப்டேட்டுக்குப் பிறகும் வந்ததல்ல.

ரைசன் 7 3700எக்ஸ், 32 ஜிபி ரேம், விஎம்முக்கு ஆர்டிஎக்ஸ் 3060, ஹோஸ்டுக்கு (விஎம்மை ஓட்டும் நிஜ மெஷின்) தனியாக ஒரு சின்ன கார்டு. ஹோஸ்ட் உபுண்டு 24.04. விஎம்முக்கு 6 கோர், 12 த்ரெட், 16 ஜிபி.

செய்து பார்த்தவை: சிபியு மோடு ஹோஸ்ட்-பாஸ்த்ரூ (நிஜ சிபியுவை அப்படியே விஎம்முக்குக் காட்டுவது), டோப்போஎக்ஸ்ட் (கோர்-த்ரெட் அமைப்பைத் தெரிவிக்கும் ஏஎம்டி வசதி) ஆன். 12 த்ரெட்டையும் ஜோடி மாறாமல் பின் செய்தாயிற்று, அதாவது ஒவ்வொன்றும் நிஜ சிபியுவின் ஒரே த்ரெட்டில் ஓடும்படி கட்டியாயிற்று. எமுலேட்டர் த்ரெட் (விஎம்மின் பின்னணி வேலைகள்) மீதிக் கோர்களில். 16 ஜிபிக்கும் ஹியூஜ்பேஜஸ் (ரேமைப் பெரிய துண்டுகளாக ஒதுக்குவது). சிபியு வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னர் பெர்ஃபார்மன்ஸில். கார்டுக்கும் அதன் ஆடியோவுக்கும் எம்எஸ்ஐ இன்டரப்ட் (சிபியுவை அழைக்கும் புதிய முறை). டிஸ்க் விர்ட்ஐஓவில் (விஎம்முக்கான வேகமான டிரைவர் முறை), தனி ஐஓ த்ரெட். கரகரப்பு கொஞ்சம் குறைந்தது, உறைவது குறையவில்லை.

என் சந்தேகம் எல்3 கேஷ் (சிபியுவுக்குள் கோர்கள் பகிரும் வேகமான நினைவகம்) மேல்தான். இந்தச் சிபியுவில் 4 கோருக்கு ஒன்றாக இரண்டு 16 எம்பி எல்3 தனித்தனியாக இருக்கின்றன. 6 கோர் கொடுத்தால் விஎம் இரண்டிலும் பரவுகிறது. விண்டோஸுக்கு அந்த எல்லை சரியாகத் தெரிகிறதா என்பதே கேள்விக்குறி.

விஎம்மை ஒரே எல்3க்குள் 4 கோராகக் குறைப்பதா, அல்லது 6 கோரையும் வைத்துக்கொண்டு எல்3 எல்லையை விண்டோஸுக்குச் சரியாகக் காட்ட விஎம்மின் எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்பில் வழி இருக்கிறதா?