குறிஞ்சியும் வரையாடும்: ஒரு நெல் விவசாயி பார்த்தது

2018 அக்டோபரில் மைத்துனருடன் உடுமலை, மறையூர் வழியாக பஸ்ஸில் கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தேன். குறிஞ்சி பூத்த ஆண்டு அது. மன்னார்குடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் ஊரில் உயரமான நிலம் என்றால் ஆற்றங்கரைதான்.

ராஜமலைச் சரிவில் நீலம் திட்டுத்திட்டாகப் படர்ந்திருந்தது. குனிந்து பார்த்தேன். மணி போன்ற சின்னப் பூ. ஒரு தேனீ தலையை நுழைத்ததும் கொத்தே ஆடியது. 12 ஆண்டு வளர்ந்து, ஒரே முறை பூத்து, விதையை உதிர்த்துவிட்டுச் செடி காய்ந்துபோகும் என்றார் வனக்காவலர். நெல்லும் அதைத்தானே செய்கிறது? குறுவை 110 நாளில் வாழ்ந்து முடிப்பதைக் குறிஞ்சி 12 ஆண்டில் வாழ்கிறது. மகாமகத்துக்குக் காத்திருக்கிற ஊர்க்காரர்களுக்கு அந்தக் கணக்கும் புதிதில்லை.

"எல்லோரும் பூவைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள் ஐயா, மேலே பாருங்கள்" என்றார் காவலர்.

பாறை விளிம்பில் வரையாடுகள். சங்கப் பாடல்களில் வருடை என்று வருவது இதுதான். பெரிய கிடாயின் கரும்பழுப்பு முதுகில் சேணம் போட்டது போல வெளிர்ப் பட்டை. பக்கத்தில், அந்த ஆண்டுத் தொடக்கத்தில் பிறந்திருக்கக்கூடிய ஒரு குட்டி, நான்கு குளம்பையும் ஒரு கையகல இடத்தில் ஒடுக்கி நின்று புல்லைக் கடித்தது. பார்த்த எனக்குத்தான் உள்ளங்கால் கூசியது. பார்வைக்கு வெள்ளாடு போல இருந்தாலும், மரபணு ஆய்வுப்படி இதற்கு நெருங்கிய சொந்தம் செம்மறி. அதை அறிந்தபோது, ஊரில் எருவுக்காக நம் வயலில் கிடை போடும் ஆடுகளின் முகம் அதில் தெரிந்தது.

பூவைவிட அந்தக் குட்டிதான் இன்றும் மனத்தில் நிற்கிறது. குறிஞ்சி மறுபடி பூப்பது 2030இல். விதை மண்ணில் இருக்கிறது, அது வந்துவிடும். காட்டில் பத்து வயதைத் தாண்டும் வரையாடு அரிது. அந்தக் குட்டி இரண்டாவது பூப்பைப் பார்க்காது. 2024இல் தமிழ்நாட்டு மலைகளில் எண்ணியபோது மொத்தமே 1,031 வரையாடுகள். அறுவடைக்குப் பின் எங்கள் பக்கம் வந்து இறங்கும் கிடைகளில் இரண்டு மூன்றைச் சேர்த்தாலே அத்தனை தலை தேறும்.

அந்தப் புல்வெளியின் கிழக்குச் சரிவு நீர் பாம்பாறாகி, அமராவதியாகி, கரூர் அருகே காவிரியில் கலக்கிறது. ஊர் திரும்பும்போது அமராவதியைக் கண்டதும் கும்பிட்டுக்கொண்டேன்.

கஜா புயல் போன பிறகு, மாசியில் எங்கள் வயலில் கிடை கட்டிய ஆட்டுக்காரர், கீதாரியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் பூவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அந்த மலையில் அதைப் பிடிக்க என்ன இருக்கிறது தம்பி?"

"புலி, சிறுத்தை, செந்நாய் எல்லாம் உண்டு அண்ணே."

"காவலுக்கு நாய்கூடக் கிடையாதா?" என்றவர், லாந்தரை எடுத்துக்கொண்டு தன் ஆடுகளை இன்னொரு முறை எண்ணப் போய்விட்டார்.