இங்கிலீஷ் இன்னும் வராத பையனுக்கு இயற்பியல் பேப்பரில் எப்படி மார்க் போடுவது?

பெரம்பூர் டீச்சர்:
பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இந்த வருஷம் பிளஸ் ஒன் இங்கிலீஷ் மீடியத்துக்கு வந்தவர்கள் என் வகுப்பில் ஆறு பேர். போன வாரம் இயற்பியல் யூனிட் டெஸ்ட். ஓடும் பஸ் சட்டென்று நின்றால் நிற்பவர்கள் ஏன் முன்னால் சாய்கிறார்கள் என்று ஒரு மூன்று மார்க் கேள்வி. ஒரு பையன் எழுதியதை அப்படியே தருகிறேன்: "பஸ் சடன் ஸ்டாப். லெக் ஸ்டாப். டாப் பாடி நாட் நோ ஸ்டாப், இட் கோ சேம் ஸ்பீடு." அவ்வளவுதான், இன்னெர்ஷியா (நிலைமம்) என்ற வார்த்தையே இல்லை. பக்கத்து பெஞ்சுப் பெண் கைடில் இருந்த பாராவை ஒரு கமா விடாமல் எழுதியிருக்கிறாள், அவளுக்கு மூன்றுக்கு மூன்று போட்டுவிட்டேன். பேப்பர் கொடுத்த பிறகு, சரி, லாரியில் கட்டாமல் வைத்த டிரம் பிரேக் போட்டால் என்ன ஆகும் என்று சும்மா கேட்டால் அவள் முழிக்கிறாள். இவனோ 29சி பஸ்ஸில் தான் கம்பியைப் பிடிக்காமல் நின்ற கதையைச் சொல்லி, டிரம் ஏன் முன்னால் உருளும் என்று தமிழில் பிட்டுப் பிட்டு வைக்கிறான். நான் அவனுக்கு இரண்டு போட்டேன். சீனியர் சார் பார்த்துவிட்டு, ஒன்றுக்கு மேல் போட்டால் அது பாவம் பார்த்துப் போட்டது என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதுபோல் படுகிறது, ஆனால் அந்தப் பெண்ணின் மூன்று மார்க்கை நினைத்தால் எரிச்சலாகவும் இருக்கிறது. நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

ரிட்டயர்டு வாத்தியார்:
உங்கள் சீனியர் சார் சொல்வது பாதி சரி அம்மா. பப்ளிக் பேப்பர் திருத்த பல வருஷம் கேம்ப் போனவன் நான். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் பையன் முகம் தெரியாது, 29சி கதையும் தெரியாது. கையில் ஆன்சர் கீ இருக்கும், கட்டுக் கட்டாகப் பேப்பர் இருக்கும். இலக்கணம் தப்பு என்று அறிவியல் பேப்பரில் நான் மார்க் குறைத்ததில்லை, ஆனால் இன்னெர்ஷியா என்ற சொல் இல்லை என்றால் குறைத்திருப்பேன். கலைச்சொல் பாடத்தின் ஒரு பகுதி, அது வேறு, இங்கிலீஷ் வேறு. நான் கடைசி சில வருஷம் இந்த மாதிரிப் பிள்ளைகளின் பேப்பரில் இரண்டு எண் எழுதினேன். சிவப்பில் 'உனக்குப் புரிந்தது இவ்வளவு', அதன் கீழே பென்சிலில் 'பப்ளிக்கில் இதற்குக் கிடைப்பது இவ்வளவு'. ரெக்கார்டில் எதை ஏற்றுவது என்று ஹெச்.எம்.மோடு சண்டை வந்தது, அது தனிக் கதை.

கோடம்பாக்கம் கணக்கு:
எல்லோரும் திருத்துவதையே பேசுகிறோம். கேள்வியைப் பாருங்கள் மேடம். 'ஸ்டேட்' என்று ஆரம்பித்தால் மாநிலம் என்று நினைப்பவன், 'பாடி' என்றால் பிணம் என்று நினைப்பவன், 'அக்கவுண்ட் ஃபார்' என்று பார்த்ததும் பேங்க் ஞாபகம் வருபவன், இவன் இயற்பியலில் தோற்கவில்லை, கேள்விக்குள்ளேயே போகவில்லை. என் பள்ளியில் பழைய பேப்பரில் ஒரு கேள்வி: இனிஷியலி அட் ரெஸ்ட் என்று தொடங்கி, சப்ஜெக்டட் டு என்று இழுத்து, வெலாசிட்டி அக்வயர்டு பை இட் என்று நாலு வரிக்கு ஒரே வாக்கியம். அதை உடைத்தோம். 2 கிலோ கல் ஒன்று அசையாமல் இருக்கிறது. 10 நியூட்டன் விசை 5 வினாடி தள்ளுகிறது. வெலாசிட்டி என்ன? இதே அளவு எளிமையான இங்கிலீஷில், மூன்று சின்ன வாக்கியம். விடை அதே 25 மீட்டர்/வினாடிதான், கணக்கு ஒரு இம்மிகூட லேசாகவில்லை. வெலாசிட்டியை மட்டும் தொடவில்லை, அது பாடம். அமெரிக்காவில் ஜமால் அபேதி என்ற ஆய்வாளர் 2001-லேயே இதைச் செய்து பார்த்தார். எட்டாம் வகுப்பு கணக்குக் கேள்விகளில் கணக்கைத் தொடாமல் மொழியை மட்டும் எளிமையாக்கியதில், இங்கிலீஷ் கற்றுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குப் பலன் இருந்தது.

இன்னொன்று. பிளஸ் டூ பப்ளிக் கேள்வித்தாள் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் அச்சாகித்தான் வருகிறது. அங்கே கேள்வி புரியவில்லை என்றால் கீழே தமிழைப் பார்த்துக்கொள்ளலாம். நம் பள்ளி டெஸ்ட்டில் மட்டும் ஏன் வெறும் இங்கிலீஷ்? பப்ளிக்கை விடக் கஷ்டமாக வைத்துவிட்டு, பையன் மக்கு என்கிறோம்.

அம்பத்தூர் பழைய மாணவன்:
நான் அந்த ஆறு பேரில் ஒருத்தன் மாதிரிதான், வேறு பள்ளி, வேறு வருஷம். பிளஸ் ஒன் முழுக்க வாயே திறக்கவில்லை. ஒரு சார் கருணை மார்க் போட்டார், வகுப்பு முழுக்க அது தெரிந்து 'கருணை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள், தயவு செய்து அதை மட்டும் செய்யாதீர்கள். எனக்கு உதவியது கெமிஸ்ட்ரி மேடம். டெஸ்ட் முடிந்ததும் கூப்பிட்டு, எழுதியதைத் தமிழில் சொல்லு என்பார். சொன்னால் விட்ட மார்க்கில் பாதி திரும்ப வரும், ஆனால் அதே விடையை அங்கேயே உட்கார்ந்து இங்கிலீஷில் எழுதிக் காட்ட வேண்டும். மீதிப் பாதி அதற்கு. இதை எல்லோருக்கும் வைத்திருந்தார், மனப்பாடப் பார்ட்டிகள் உட்பட. அவர்கள்தான் அதிகம் பயந்தார்கள் :)

மாம்பலம்:
தமிழிலும் அச்சடியுங்கள் என்பது நல்ல யோசனை, ஆனால் மொழிபெயர்ப்பை யாராவது ஒழுங்காகப் படித்துப் பார்க்க வேண்டும். 2018 நீட் ஞாபகம் இருக்கிறதா? சிறுத்தை என்று வரவேண்டியது சீத்தா என்று வந்திருந்தது. 49 கேள்வியில் பிழை என்று தலா 4 வீதம் 196 மார்க் தரச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அதே வருஷம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. தமிழில் எழுதிய பிள்ளைகள் நடுவில் மாட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அப்புறம் பையன் கேண்டீனில் இங்கிலீஷ் பேசுகிறானே, பேப்பரில் ஏன் வரவில்லை என்று கேட்கிறவர்களுக்கு: ஜிம் கம்மின்ஸ் என்ற கனடாக்காரர் பல வருஷம் முன்பே சொன்னது, பேச்சு மொழி சுமார் இரண்டு வருஷத்தில் வந்துவிடும், பாட மொழிக்கு ஐந்திலிருந்து ஏழு வருஷம் பிடிக்கும். அவர் பார்த்தது சுற்றிலும் இங்கிலீஷ் பேசும் ஊர்ப் பிள்ளைகளை. நம்மிடம் பிளஸ் ஒன், பிளஸ் டூ சேர்த்தே இரண்டு வருஷம்தான்.

பெரம்பூர் டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. ஹெச்.எம்.மிடம் இரண்டு மொழியிலும் அச்சடிக்கலாமா என்று கேட்டேன், ஜெராக்ஸ் செலவு என்றார். பேரம் பேசி, கடைசிப் பக்கத்தில் கேள்வியில் வரும் பத்துச் சொல்லுக்குத் தமிழ் அர்த்தம் போட அனுமதி வாங்கியாயிற்று. ஸ்டேட், அக்கவுண்ட் ஃபார், ஹென்ஸ், டிராப்டு இதெல்லாம் இருக்கும், இன்னெர்ஷியா இருக்காது. கெமிஸ்ட்ரி மேடம் முறையை இன்று எல்லோருக்குமாக ஆரம்பித்தேன். கைடு பெண் டிரம் கேள்விக்கு இரண்டு தடவை முயன்று மூன்றாவது தடவை சரியாகச் சொன்னாள். பையனின் இரண்டை நான் மாற்றவில்லை, மூன்றாவது மார்க் இன்னெர்ஷியாவுக்கு என்று சொன்னேன். அதை ஐந்து தடவை எழுதிக்கொண்டு வந்தான், ஐந்திலும் ஸ்பெல்லிங் வேறு வேறு.