ஜப்பானில் கோல்டன் வீக் விடுமுறை: பெற்றோருடன் முதலில் டோக்கியோவா, கியோட்டோவா?

கேள்வி

வணக்கம். எழுபது வயதைக் கடந்த பெற்றோரை அழைத்துக்கொண்டு 2026 மே 1, வெள்ளிக்கிழமை மாலை டோக்கியோவில் இறங்குகிறோம். மே 11 அன்று அங்கிருந்தே திரும்புகிறோம். இத்தேதிகளை மாற்ற இயலாது. மே 3 அன்று புல்லட் ரயிலில் கியோட்டோ சென்று, நடுவில் ஒரு நாள் ஹிரோஷிமாவைப் பார்த்துவிட்டு, கடைசி நாள்களை டோக்கியோவில் கழிக்கலாம் என்பது இப்போதைய திட்டம். கோல்டன் வீக் எனப்படும் அந்த வாரம் முழுவதும் ஜப்பானியர்களுக்கு விடுமுறை என்று கேள்விப்பட்டதிலிருந்து தயக்கமாக இருக்கிறது. அருங்காட்சியகங்கள் மூடியிருக்குமா, முன்பதிவு இல்லாமல் ரயிலில் ஏற முடியுமா, ரயில் பாஸ் வாங்குவது இலாபமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

உங்கள் திட்டத்தில் ஊர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை, வரிசையைத்தான் மாற்ற வேண்டும். மே 3 அரசியலமைப்பு நாள், மே 4 பசுமை நாள், மே 5 குழந்தைகள் நாள். ஞாயிற்றுக்கிழமையில் விழும் பொது விடுமுறைக்கு ஈடாக அடுத்த வேலைநாளை விடுமுறையாக்குவது அந்நாட்டுச் சட்டம். 2026இல் மே 3 ஞாயிறாக இருப்பதாலும், அதை அடுத்த இரு நாள்களும் ஏற்கெனவே விடுமுறையாக இருப்பதாலும், அந்த ஈடு மே 6 புதன்கிழமைக்குத் தள்ளிப்போகிறது. ஆகவே மே 2 சனிக்கிழமையிலிருந்து தொடர்ந்து ஐந்து நாள்கள் நாடே ஊர் சுற்றும். தொடக்கத்தில் டோக்கியோவை விட்டு வெளியேறும் ரயில்களிலும், முடிவில் டோக்கியோவுக்குத் திரும்பும் ரயில்களிலும் நெரிசல் உச்சத்தில் இருக்கும். மே 3 அன்று கியோட்டோவுக்குப் புறப்படுவது அந்த வெள்ளத்தோடு சேர்ந்தே போவதாகும்.

மே 6 வரை டோக்கியோவிலேயே தங்கிவிட்டு, மே 7 வியாழக்கிழமை கியோட்டோவுக்குச் செல்லுங்கள். அன்று வேலைநாள் என்பதால் ரயிலில் இடமும் எளிதாகக் கிடைக்கும், கியோட்டோ விடுதிகளின் வாடகையும் இறங்கியிருக்கும். டோக்கியோவிலிருந்து கியோட்டோ, ஹிரோஷிமா வரை வேகமாகச் செல்லும் நோசோமி ரயிலில் கோல்டன் வீக் நாள்களில் எல்லாப் பெட்டிகளுமே முன்பதிவுப் பெட்டிகள்தாம். அதைவிட மெதுவான ஹிகாரி, கொடாமா புல்லட் ரயில்களில் பதிவில்லாத பெட்டிகள் உண்டு என்றாலும், முதியவர்களை நின்றபடி அழைத்துச் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிலையங்களில் இருக்கைப் பதிவு பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு காலை 10 மணிக்குத் தொடங்கும்; மே 7 பயணத்துக்கு ஏப்ரல் 7.

நாடு முழுவதற்குமான ஏழு நாள் ரயில் பாஸ் 50,000 யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஒருவழிக் கட்டணம் ஏறத்தாழ 14,000 யென் என்பதால், போய்வர மட்டும் என்றால் பாஸ் வெளிப்படையான நட்டம். ஹிரோஷிமாவையும் சேர்த்தால் கணக்கு ஏறக்குறைய சமமாகும். ஆனால் பாஸ் வைத்திருப்பவர் நோசோமியில் ஏறத் தனிக்கட்டணம் செலுத்த வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்ன வரிசையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டோக்கியோவில் தங்கினால் கூட்டமே இராது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். காமகுரா, ஹகோனே, நிக்கோ போன்ற ஒரு நாள் சுற்றுலா இடங்களை அந்த ஐந்து நாள்களில் அறவே தவிர்ப்பது நல்லது. காமகுராவில் எனோடென் சிறு ரயிலுக்கு நிற்கும் வரிசை நிலையத்தைத் தாண்டித் தெருவுக்கே வந்துவிடும். மே 4 அன்று உயெனோ விலங்கியல் பூங்காவில் நுழைவு இலவசம் என்பதே அன்று அங்கே போகாமலிருக்கப் போதுமான காரணம். மாறாக, மருனோஉச்சி போன்ற அலுவலகப் பகுதிகள் ஓய்ந்து கிடக்கும். பேரரசரின் அரண்மனையைச் சுற்றி நிதானமாக நடக்கலாம். டோக்கியோ கோபுரத்தின் 333 மீட்டர் உயரத்துக்கு இணையாக அதன் அடியில் 333 மீன் வடிவத் துணிக்கொடிகளைக் கட்டித் தொங்கவிடும் வழக்கத்தையும் இந்தப் பருவத்தில் காணலாம். பெரியவர்களுக்கு நிச்சயம் பிடிக்கும்.

அருங்காட்சியகங்களைப் பொறுத்தவரை, விடுமுறை நாளில் மூடியிருக்கும் என்ற அச்சம் தேவையில்லை. விடுமுறை முடிந்த மறுநாள்தான் கவனம் தேவை. பெரும்பாலானவை திங்கள்கிழமை மூடப்படும். அந்தத் திங்கள் பொது விடுமுறையாக இருந்தால் அன்று திறந்து வைத்து, அடுத்து வரும் வேலைநாளில் மூடுவார்கள். அக்கணக்கில் மே 7 வியாழக்கிழமை சில இடங்கள் மூடியிருக்கக்கூடும் என்பதால் ஒவ்வொன்றின் தளத்திலும் நாள்காட்டியைப் பார்த்துவிடுங்கள். கோயில்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கியோட்டோவில் கியோமிசு கோயில் காலை 6 மணிக்கே திறக்கிறது; ஃபுஷிமி இனாரிக்கு எந்த நேரமும் போகலாம். மே மாதம் பள்ளிச் சுற்றுலாக்களின் பருவமும் ஆகையால், வேலைநாளானாலும் விடியற்காலையே உகந்தது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கியோட்டோ விடுதியை மே 7இலிருந்து 10 வரை மாற்றிக்கொள்கிறேன். ஹிரோஷிமாவை வெள்ளிக்கிழமைக்கு வைத்துக்கொள்கிறேன். தந்தைக்கு நாள்தோறும் இரத்த அழுத்த மாத்திரை தேவை. எங்களிடம் இரண்டு பெரிய பெட்டிகளும் இருக்கும். இவை குறித்தும் ஏதேனும் யோசனை உண்டா?

மறுமொழி 3

மாத்திரைகளைக் கையோடு கொண்டு செல்லுங்கள். அந்த ஐந்து நாள்களில் சிறு மருத்துவகங்கள் பலவும் மூடியிருக்கும். அவசரப் பிரிவுள்ள மருத்துவமனைகள் மட்டுமே துணை. சொந்தப் பயன்பாட்டுக்கான வழக்கமான மாத்திரைகளை ஒரு மாத அளவு வரை தனி அனுமதியின்றிக் கொண்டு செல்லலாம். ஆனால் சூடோஎஃபெட்ரின் 10 விழுக்காட்டுக்கு மேல் உள்ள சளி மாத்திரைகளுக்கு அங்கே தடை உண்டு. ஆகையால் கைப்பையில் இருக்கும் மற்ற மருந்துகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டருக்கு மேல் வருமானால், கியோட்டோ வழித்தடத்துப் புல்லட் ரயிலில் பெட்டி வைக்கும் இடத்தோடு கூடிய இருக்கையைப் பதிவு செய்ய வேண்டும். இதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை; பதிவு செய்யாமல் ஏறினால் 1,000 யென் வசூலிப்பார்கள். இன்னொரு வழி, விடுதி வரவேற்பிலேயே பெட்டிகளைக் கொடுத்துக் கூரியரில் கியோட்டோ விடுதிக்கு அனுப்பிவிடுவது. வழக்கமாக மறுநாள் போய்ச் சேர்ந்துவிடும். விடுமுறைக் காலத்தில் தாமதம் நேரலாம் என்பதால் மே 5 அன்றே அனுப்பிவிட்டு, இரண்டு நாள் துணியைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.