ஆதார், பான் நகல் அடுத்தவர் கையில் இருந்தால் எது ஆபத்து, எது வீண் பயம்?

வைகைக்கரை கேட்டது:
லாட்ஜ், வாடகை வீடு என்று எங்கே போனாலும் ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்கள். இந்த எண்களுக்குள் பிறந்த தேதி, மாவட்டம் மாதிரி ஏதாவது இருக்கிறதா? ஒருவர் எண்ணை வைத்து வீட்டில் மற்றவர்கள் எண்ணை ஊகிக்க முடியுமா? நகல் ஏற்கெனவே பல இடங்களில் இருக்கிறது என்றால் இப்போது எதைப் பூட்ட வேண்டும்?

எண்கணக்கன்:
ஆதார் எண்ணுக்குள் அப்படி எந்தத் தகவலும் இல்லை. 12 இலக்கம், முதல் இலக்கம் 0, 1 ஆக இருக்காது, கடைசி இலக்கம் வெர்ஹோஃப் முறைப்படி வரும் சரிபார்ப்பு இலக்கம். ஒரு இலக்கம் தப்பானாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் அதிலேயே தெரிந்துவிடும். மற்றவை எந்த வரிசையும் இல்லாமல் வழங்கப்படுபவை. ஒரே நாளில் பதிந்த கணவன் மனைவிக்குக்கூட அடுத்தடுத்த எண் வராது.

அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு எண் இப்படி இல்லை. 2011 ஜூன் வரை அதன் முதல் மூன்று இலக்கம் விண்ணப்பித்த மாநிலத்தைக் காட்டியது. பிறந்த ஊரும் தேதியும் தெரிந்தால் எண்ணின் பெரும்பகுதியை ஊகிக்கலாம் என்று 2009இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிறகுதான் வரிசையில்லாத முறைக்கு மாறினார்கள்.

பான் கொஞ்சம் பேசும். நான்காவது எழுத்து 'P' என்றால் தனிநபர், 'C' என்றால் கம்பெனி. ஐந்தாவது, குடும்பப் பெயரின் முதல் எழுத்து. நமக்குத்தான் குடும்பப் பெயரே கிடையாதே. விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயர் போயிருந்தால் அதன் எழுத்து, சொந்தப் பெயர் போயிருந்தால் அதன் எழுத்து. பின்னால் பெயரை மாற்றினாலும் எண் மாறாது.

பூட்டுசாவி:
வெறும் எண்ணால் பணம் போகாது. எண்ணோடு கைரேகை சேரும்போதுதான் சிக்கல். ஆதார் வழிப் பணம் எடுக்கும் முறையில் ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை இருந்தால் போதும்; ஓடிபி கேட்காது. பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை சிலிகானில் நகலெடுத்துப் பணம் எடுத்த வழக்குகள் வந்திருக்கின்றன.

அதனால் முதல் வேலை பயோமெட்ரிக் பூட்டு, அதாவது ஆதாரில் உங்கள் ரேகை வேலை செய்யாதபடி பூட்டுவது. மைஆதார் தளத்தில் ஓடிபி கொடுத்து நுழைந்தால் அந்த வசதி இருக்கும். பூட்டியபின் யார் ரேகை வைத்தாலும் 330 என்ற பிழை எண்தான் வரும். ரேஷன் கடையில் உங்கள் விரலுக்கும் அதேதான், எனவே போகும்முன் தற்காலிகமாகத் திறந்துகொள்ளுங்கள். அதே தளத்தில், ஆதார் எப்போதெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்று காட்டும் அங்கீகார வரலாறும் இருக்கிறது. ஆறு மாதம் வரை பின்னோக்கிப் பார்க்கலாம். தெரியாத நேரத்தில் 'பயோமெட்ரிக்' என்று ஒரு வரி இருந்தால் அன்றே வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் சொல்லிவிடுங்கள்.

இனி நகல் கேட்டால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். ஜெராக்ஸின் குறுக்கே தேதியும் காரணமும் எழுதுவது நல்ல பழக்கம்தான், ஆனால் அதைப் பூட்டு என்று நம்ப வேண்டாம்.

வைகைக்கரை:
நன்றி. பானுக்கு இப்படி ஒரு பூட்டு உண்டா?

கடன்தணிக்கை:
இல்லை சார். பான் நகலில் பயம், உங்கள் பெயரில் வேறு யாராவது கடன் வாங்குவதுதான். அமெரிக்காவில், ஒருவர் வாங்கிய கடன்களைக் காட்டும் கடன் அறிக்கையையே இலவசமாக முடக்கி வைக்கலாம். இங்கே அந்த வசதி இல்லாததால் நாமேதான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள், மூன்று மாதத்துக்கு ஒன்று என்று எடுங்கள். அதில் கடன் மதிப்பெண்ணைவிட, உங்கள் அறிக்கையை யார் கேட்டார்கள் என்று காட்டும் 'விசாரணைகள்' பகுதி முக்கியம்: நீங்கள் விண்ணப்பிக்காத கடன் நிறுவனத்தின் பெயர் முதலில் அங்கேதான் தலைகாட்டும்.

உங்களுடையது அல்லாத கடன் இருந்தால் கடன் கொடுத்த நிறுவனம், அறிக்கை தந்த நிறுவனம் இரண்டுக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி. சைபர் குற்றப் புகாரின் நகலையும் இணைத்தால் வேலை வேகமாக நடக்கும். உங்கள் பெயரில் யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்பதை தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்து, தெரியாத எண்ணை 'என்னுடையது அல்ல' என்று அங்கேயே குறிக்கலாம்.