நூற்புழு தின்னும் பூஞ்சையை ஆட்டுத் தீவனத்தில் கலக்கலாமா?

கொரங்காட்டுக்காரன்:

வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் ஆறு ஏக்கர் கொரங்காடு (மேய்ச்சல் காடு), கிளுவை வேலி போட்டு நாலாகப் பிரித்தது. மேச்சேரி செம்மறி 32 இருந்தது, இப்போது 29. ஐப்பசி மழைக்கு அப்புறம் மூன்று போய்விட்டது. கழிச்சல் இல்லை, இருமல் இல்லை. சாயங்காலம் பட்டிக்கு வரும்போது எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தள்ளாடி வரும். தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை மாதிரி தொங்கும். நாலைந்து நாளில் படுத்துவிடும்.

மூன்றாவது செத்ததை நானே அறுத்துப் பார்த்தேன். நாலாவது வயிற்றைக் கீறி எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி அலசினால், தடித்த முடி கனத்தில், அரை அங்குலம் முக்கால் அங்குல நீளத்தில் புழு நெளிகிறது. வெயிலில் பிடித்துப் பார்த்தால் சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கிய நூல் போலவே இருக்கிறது. எண்ண ஆரம்பித்து இருநூறில் விட்டுவிட்டேன். இத்தனைக்கும் அந்த ஆட்டுக்கு மூன்று வாரம் முன்னால்தான் குடற்புழு மருந்து அல்பெண்டசோல் ஊற்றியிருந்தேன். நாலு வருடமாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, எல்லா உருப்படிக்கும், அதே மருந்துதான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவில் ஒரு பூஞ்சையைத் தீவனத்தில் கலந்து வைத்துக் குடற்புழுவைக் கட்டுப்படுத்துகிறார்களாம், வீடியோவில் பார்த்தேன். இங்கே மூன்று மருந்துக்கடையில் கேட்டேன், இல்லை. உரக்கடைக்காரர்தான், "அதுக்கு எதுக்கு ஆஸ்திரேலியா? தக்காளி வேர்முடிச்சுக்குப் போடுற பெசிலோமைசிஸும் நூற்புழுவைத் தின்கிற பூஞ்சைதானே? ஆட்டுக்கு ஒரு ஸ்பூன், தவிட்டில் கலந்து வையுங்க" என்று ஒரு கிலோ பாக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டார். இன்னும் பிரிக்கவில்லை, திண்ணையில் இருக்கிறது. வைக்கலாமா?

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்:

தம்பி, அந்தப் பாக்கெட்டைத் தக்காளிக்கே போடுங்கள். ஆட்டுக்கு வேண்டாம்.

இரண்டும் வேறு வேறு பூஞ்சை. வீடியோவில் வந்தது டடிங்டோனியா ஃப்ளாக்ரன்ஸ். அதன் வித்துக்குத் தோல் தடிப்பு. ஆடு மென்று, அசைபோட்டு, நாலு வயிறும் குடலும் கடந்த பிறகும் சாகாமல் புழுக்கையோடு வெளியே வரும். அதனால்தான் 1990-களில் டென்மார்க்கிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆராய்ச்சிக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். புழுக்கையில் அது முளைத்து, பசை தடவிய வலை மாதிரி இழை விடும். முட்டை பொரித்து வரும் இளம்புழு அதில் ஒட்டிக்கொள்ளும். இழை உள்ளே துளைத்துப் போய்ச் சாறை உறிஞ்சிவிடும். உங்கள் கையில் இருப்பது மண்ணில் நூற்புழு முட்டையின் மேல் வளர்கிற வேறு சாதி. டால்க் பவுடரில் கலந்து செடிக்கென்று விற்பது. ஆட்டுக் குடலைத் தாண்டி உயிரோடு வரும் என்று அதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை, தீவனமாக வைக்க அனுமதியும் கிடையாது.

இன்னொன்றைக் கவனியுங்கள். நல்ல பூஞ்சையே கிடைத்தாலும், ஆட்டு வயிற்றில் இருக்கும் புழுவை அது தொடாது. நீங்கள் தட்டில் பார்த்தீர்களே, அந்த ஹீமாங்கஸ், ஒவ்வொன்றும் நாளைக்கு 0.05 மில்லி ரத்தம் குடிக்கும். ஐந்நூறு புழு என்றால் 25 மில்லி. தாடை வீக்கம் அதனால் வருவதுதான். பெண் புழு ஒன்று நாளைக்கு ஐயாயிரம் முட்டைக்கு மேல் போடும். பூஞ்சை வேலை செய்வது அந்த முட்டை வெளியே வந்து பொரித்த பிறகு, காட்டில். இன்றைக்குத் தள்ளாடுகிற ஆட்டை அது காப்பாற்றாது.

உங்கள் கதையில் எனக்கு உறுத்துவது அல்பெண்டசோல். ஒரு பத்து ஆட்டுக்கு அடையாளம் போட்டு, மருந்து ஊற்றும் அன்றைக்கும் 14 நாள் கழித்தும் புழுக்கை எடுத்து, முட்டை எண்ணக் கொடுங்கள். 95 சதவீதம் குறையவில்லை என்றால் புழு அந்த மருந்துக்குப் பழகிவிட்டது. எடை பார்த்து ஊற்றுகிறீர்களா, கண்மதிப்பா? அப்புறம், ஒரு துண்டுக் காட்டில் எத்தனை நாள் மேய்க்கிறீர்கள்?

ஆர்மிடேல் மேய்ப்பன்:

நான் ஆஸ்திரேலியா, நியூ சவுத் வேல்ஸின் வடக்கு மேட்டு நிலத்தில் இருக்கிறேன். சொந்த ஊர் ஒட்டன்சத்திரம். இங்கே கோடையில் மழை, எனவே இதே சிவப்பு வெள்ளைப் புழுதான் எங்களுக்கும் எமன். அண்ணன் கேட்ட சரக்கின் பெயர் பயோவார்மா. 2018-இல் இங்கே பதிவானது. இரண்டு சீசனாகக் குட்டிகளுக்கு மட்டும் வைக்கிறேன்.

அளவு, ஒரு கிலோ உடல் எடைக்குத் தினம் 30,000 வித்து. முப்பது கிலோ ஆட்டுக்கு ஒன்பது லட்சம். கேட்க மலைப்பாக இருக்கும், கையில் பார்த்தால் இரண்டு கிராம் கூட வராத தூள். கஷ்டம் "தினம்" என்கிற வார்த்தையில்தான் இருக்கிறது. ஒரு நாள் விட்டால் அன்றைய புழுக்கையில் காவல் இல்லை. தொட்டியில் கொட்டினால் முரட்டுக் கிடாய் இரண்டு பங்கு தின்னும், நோஞ்சான் தூர நிற்கும். புழு முட்டையைப் புழுக்கையில் அதிகம் போடுவதே அந்த நோஞ்சான்தான்! நான் தொட்டியின் நீளத்தைக் கூட்டிய பிறகுதான் கொஞ்சம் சரியானது. பெரிய மந்தையைக் காட்டில் விட்டு வாரம் ஒருமுறை பார்க்கிறவர்களுக்கு இது ஆகாது.

பலன் உண்டு. ஆனால் முதலில் வேலை செய்கிற மருந்தால் வயிற்றைச் சுத்தம் செய்து, சுத்தமான காட்டில் விட்டு, அப்புறம் இதை ஆரம்பித்தால்தான். தட்டைப்புழுவுக்கும் நாடாப்புழுவுக்கும் இது பயன்படாது. "ஊருக்கு வரும்போது ஒரு டப்பா கொண்டு வா" என்று என் மாமாவே கேட்டார். உயிருள்ள பூஞ்சையை அனுமதி இல்லாமல் பெட்டியில் போட்டுக் கொண்டு வர முடியாது, மன்னிக்கவும்.

கிடைக்காரி:

எல்லா ஆட்டுக்கும் எதற்கு அண்ணா மருந்து? கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். செம்பருத்திச் சிவப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள், கஞ்சி வெள்ளையாக இருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே ஐந்து நிறம் போட்ட அட்டை வைத்திருக்கிறார்கள், ஃபமாச்சா என்று பெயர். நான் மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை பார்க்கிறேன். நாற்பதில் எட்டு ஒன்பதுக்குத்தான் மருந்து தேவைப்படுகிறது. மருந்து படாத ஆட்டில் மருந்துக்குப் பழகாத புழு மிச்சம் இருக்கும், அதுவும் நமக்கு நல்லதுதான்.

கொரங்காட்டுக்காரன்:

டாக்டர் ஐயா, கண்மதிப்புத்தான். தராசு கட்டிப் போட்டதும் தலை சுற்றியது. 25 என்று நினைத்த கிடாய் 34 இருக்கிறது. நாலு வருடமாக அரைகுறையாகத்தான் ஊற்றியிருக்கிறேன். அப்புறம், ஒரு துண்டில் ஒரு வாரம் மேய்க்கிறேன், மூன்று வாரம் கழித்துத் திரும்ப அதே துண்டு. காட்டுக்கு ஓய்வு கொடுப்பதாக நினைப்பு.

எடைக்குத் தகுந்த அளவு ஊற்றி, புழுக்கையும் கொடுத்துவிட்டேன். முடிவு வந்ததும் எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்:

ஓய்வு இல்லை தம்பி, பந்தி. மழை ஈரத்தில் முட்டை பொரித்து, தொற்றும் பருவத்துக்கு வர ஒரு வாரம் போதும். மூன்று வாரம் கழித்து ஆடு திரும்பும்போது இலை போட்டுக் காத்திருக்கும். ஃபிஜி மாதிரியான ஈர வெப்ப நாட்டில் காட்டைப் பத்தாகப் பிரித்து, மூன்றரை நாளுக்கு ஒரு துண்டு மேய்த்து, ஒரு மாதத்துக்கு மேல் விட்டுத் திரும்புகிறார்கள். இளம்புழு அதற்குள் பட்டினியில் பெரும்பாலும் செத்துவிடும்.

உங்களிடம் காங்கேயம் மாடு இருக்குமே? ஆடு மேய்ந்த துண்டில் அடுத்து மாட்டை விடுங்கள். செம்மறிப் புழு மாட்டு வயிற்றில் அவ்வளவாக நிலைக்காது, மாடு புல்லோடு தின்று தீர்த்துவிடும். புல்லை ஒட்ட மேய விடாதீர்கள், இளம்புழு தரையிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள்தான் அதிகம் இருக்கும்.

கொரங்காட்டுக்காரன்:

முடிவு வந்துவிட்டது. மருந்துக்கு முன் சராசரி கிராமுக்கு 2,800 முட்டை, 14 நாள் கழித்து 1,900. எடை பார்த்து ஊற்றியும் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. கால்நடை மருந்தக டாக்டரம்மா பார்த்துவிட்டு வேறு வகை மருந்து எழுதிக் கொடுத்தார், அதுவும் இமை வெளுத்த 11 உருப்படிக்கு மட்டும். மாடு இரண்டும் கீழ்த்துண்டில் நிற்கிறது. நாலு துண்டையும் கம்பி வலை கட்டி எட்டாக்கப் போகிறேன், கிளுவைக்குச்சி நட்டால் வேர் பிடித்து வேலியாக இரண்டு வருடம் ஆகும்.

உரக்கடைக்காரரிடம் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றார். வீட்டில் கத்தரிச் செடிக்குப் போட்டிருக்கிறார்கள்.